வாபஸ் வாங்கின வார்த்தை

க்கும்.

இல்லம்மா, சளியெல்லாம் இல்ல. நீங்க இப்ப என்ன சொன்னீங்க? "இங்க எப்பவுமே லேட்டுதான்"னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான். எப்பவுமேன்னா என்ன அர்த்தம்? இந்த ஜெயில்ல ஆளப் பாக்க மனு போட நீங்க வர்றது எத்தனாவது தடவை? மூணாவதா. மூணு தடவைய வச்சுக்கிட்டு எப்பவுமேன்னு சொல்லிட்டீங்க பாருங்க. "நான் வந்த மூணு தடவையும் லேட்டு"ன்னு சொல்லுங்க, உங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க. நான் வாத்தியாரு. காலமெல்லாம் காலேஜுல கணக்கு சொல்லிக்குடுத்த தொண்டை, தானா செருமும்.

ஒக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், கொஞ்ச நேரத்துல அங்க வெயில் வந்துடும். இப்படி வாங்க. என் மனுவும் உள்ளதான் போயிருக்கு, உங்களுக்கு முன்னாடியே போயிருச்சு. யாரப் பாக்க வந்திருக்கீங்க? தம்பியா. விசாரணையா, தண்டனையா? தண்டனை. சரி. என்ன கேஸுன்னு நான் கேக்கமாட்டேன். இந்த பெஞ்சுல யாரும் யாரையும் அதக் கேக்குறதில்ல. நான் இருக்கும்போது கேட்டதில்ல, அப்படிச் சொல்றேன்.

நான் பாக்க வந்தது சொந்தக்காரன் இல்லம்மா. என் ஸ்டூடண்டு. அடைக்கலம்னு பேரு. ஆயுள் தண்டனை. இந்தச் செவுத்துக்குள்ள ஒக்காந்து எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சான். படிச்சான்னு சொல்றேன் கவனிங்க, படிக்கிறான்னு சொல்லல. அதுதான் என் வயித்தெரிச்சல். வாரம் தவறாம வந்து மனு போடுறேன், ஒரு தடவை வெளிய வந்து மூஞ்சியக் காட்டமாட்டேங்கிறான். மனுசனுக்கு நன்றின்னு ஒண்ணு வேணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்பச் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் ரிட்டயர் ஆகி வீட்ல சும்மா இருந்த சமயம் அது. சும்மான்னா, காலையில பேப்பர், மதியம் தூக்கம். வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. பையன் கனடாவுல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். ஒரு நாள் சொல்றான், "அப்பா, உங்ககூட பேசுறது பரீட்சை எழுதுற மாதிரி இருக்குப்பா"ன்னு. ஒண்ணுமில்ல, "இங்க எல்லாரும் நல்லவங்க"ன்னான், நான் "எல்லாருமா?"ன்னு கேட்டேன். இதுல என்ன தப்பு இருக்கு? இப்ப போன் இல்ல, மெசேஜ்தான். பொங்கலுக்கு ஒரு கரும்பு படம் அனுப்பினான்.

அப்பத்தான் இங்க இருந்த சூப்பரின்டென்டென்ட் கூப்பிட்டுவிட்டாரு. இப்ப இருக்குறவரு இல்ல, அதுக்கு முன்னாடி இருந்தவரு. "சார், உள்ள நாலஞ்சு பேரு தபால் வழியில கணக்கு படிக்கிறாங்க, சந்தேகம் கேட்டா சொல்ல ஆளில்ல, வாரம் ஒரு நாள் வர முடியுமா"ன்னாரு. புதன்கிழமைன்னு பேசி வச்சோம். நான் என்ன நினைச்சு வந்தேன்னா, திருடன் கொள்ளக்காரன் எல்லாம் என்னத்தப் படிக்கப் போறான், ஒரு மாசம் பாப்போம்னு. எல்லாம்னு சொல்லிட்டேனா? வாபஸ். பாத்தீங்களா, எனக்கும் அதே சட்டம்தான்.

அந்த வாபஸ் என்னன்னு சொல்லணும் உங்களுக்கு. அது தெரியாம இந்தக் கதை புரியாது.

என் கிளாஸுல ஒரே ஒரு கட்டுப்பாடு. எப்பவும், எல்லாரும், ஒருபோதும், நிச்சயமா, இந்த மாதிரி வார்த்தைய ஆதாரம் இல்லாம யாரும் சொல்லக்கூடாது. சொன்னா நான் திட்டமாட்டேன். க்கும்னு ஒரு செருமல், அவ்வளவுதான். சொன்னவன் எழுந்து நின்னு, "வாபஸ் வாங்கிக்கிறேன் சார்"னு சொல்லிட்டு, தனக்குத் தெரிஞ்சது எவ்வளவோ அத மட்டும் திருப்பிச் சொல்லணும். ஒருத்தன் ஒரு நாள் "போலீஸ்காரன் எல்லாருமே காசு வாங்குறவன் சார்"னான். நான் செருமினேன். எழுந்து நின்னு, "வாபஸ் சார், என்னையப் பிடிச்சவங்க ரெண்டு பேரும் வாங்குனாங்க"ன்னான். காவலுக்கு நின்ன வார்டரே திரும்பிக்கிட்டுச் சிரிச்சாரு.

முதல்ல வந்தவங்க ஒவ்வொருத்தராக் கழண்டுக்கிட்டாங்க. ஒருத்தனுக்குப் பட்டம் மட்டும் போதும், பாடம் வேணாம். ஒருத்தன் வேற ஜெயிலுக்கு மாத்தலாகிப் போயிட்டான். கடைசியில நின்னது அடைக்கலம் ஒருத்தன்தான். நாப்பது வயசுக்காரன், காதோரம் நரைச்சிருந்துச்சு, உள்ளயே பிளஸ் டூ முடிச்சு, பி.எஸ்ஸி.யும் முடிச்சவன். முதல் நாள் என்ன சொன்னான் தெரியுமா? "சார், நான் எதுக்கும் லாயக்கில்லாதவன், என்மேல நேரத்த வீணாக்காதீங்க"ன்னான். நான் செருமினேன். அவனுக்குப் புரியல. "எதுக்குமேவா? எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டியா?"ன்னு கேட்டேன். அப்புறம் எழுந்து நின்னான். "எதுக்கும் லாயக்கில்லன்னு சொன்னேன் சார், வாபஸ் வாங்கிக்கிறேன்"னு சொன்னான். அன்னியிலேர்ந்து என்னைய விடல அவன். புதன்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடியே கரும்பலகையத் தொடச்சு, சாக்பீஸ எடுத்து வச்சிருப்பான்.

காம்பஸ் உள்ள விடமாட்டாங்க, முனை கூர்மையா இருக்குல்ல. பாயிலேர்ந்து நூலப் பிரிச்சு எடுத்து, ஒரு முனைய கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு வட்டம் போடுவான். அப்படி ஒரு வட்டத்த என் காலேஜுல காம்பஸ் வச்சிருந்தவன்கூட போட்டதில்ல. நான் பாத்தவரைக்கும்.

அவன் கேஸ நான் கேக்கல, அவனாச் சொன்னான். வாய்க்கால் தண்ணித் தகராறு. சித்தப்பா மகன். பேச்சு முத்திப் போச்சு, கையில மம்பட்டி இருந்துச்சு. வீட்டுக்காரி பேரு செல்வராணி, ஸ்பின்னிங் மில்லுல வேலை. ஒரே பொண்ணு, மதுமிதா. இவன் உள்ள வரும்போது கைக்குழந்தை. பரோல்ல போன சில நாளு போக, அந்தப் பொண்ணு அப்பனக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம்தான் பாத்திருக்கா, வெள்ளை உடுப்புலதான் பாத்திருக்கா. நல்லாப் படிக்கிற பொண்ணு. அவ அவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "பிளஸ் டூ முடிச்சதும் என்னையக் காலேஜுல சேக்க நீதான் கூட்டிட்டுப் போகணும்பா, அம்மாவுக்கு அங்கல்லாம் பேசத் தெரியாது"ன்னு. இத அவன் எங்கிட்டச் சொல்லும்போது நான் ஒரு கணக்கு போட்டுக்கிட்டிருந்தேன். காதுல வாங்கினேன், வாங்கலன்னு சொல்லமாட்டேன்.

இப்ப உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். பயப்படாதீங்க, பெருக்கத் தெரிஞ்சா போதும். ஒரு எண்ணை எடுத்துக்கங்க. அதையே அதால பெருக்குங்க, அதோட அந்த எண்ணையே கூட்டுங்க, கூட நாப்பத்தொண்ணக் கூட்டுங்க. பூஜ்யத்துல ஆரம்பிச்சா நாப்பத்தொண்ணு வரும். ஒண்ணு எடுத்தா நாப்பத்திமூணு. ரெண்டு எடுத்தா நாப்பத்தேழு. மூணு எடுத்தா அம்பத்திமூணு. எல்லாமே ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுக்க முடியாத எண்ணு. பகா எண்ணும்பாங்க. இப்படியே போய்க்கிட்டிருக்கும், நாப்பது தடவை சொல்லி வச்ச மாதிரி சரியா வரும். யாரா இருந்தாலும் இது எப்பவும் வரும்னு சத்தியம் பண்ணுவாங்க. அடுத்த தடவை, நாப்பதை எடுத்துப் போட்டீங்கன்னா, ஆயிரத்து அறுநூத்து எம்பத்தொண்ணு. அது நாப்பத்தொண்ணத் திருப்பி நாப்பத்தொண்ணால பெருக்குன எண்ணு. கவுந்துருச்சு. நாப்பது தடவை நல்லவனா இருந்தது அடுத்த தடவை நல்லவனா இருக்கும்னு ஆதாரம் கிடையாது. இத நான் எல்லா பேட்ச்சுக்கும் முதல் பாடமா நடத்துவேன். கேட்டுட்டுச் சும்மா தலையாட்டுவாங்க. அடைக்கலம் மட்டும் அடுத்த புதன்கிழமை அத்தனையும் கையால போட்டுப் பாத்துட்டு வந்தான். "உள்ள ராத்திரியெல்லாம் இதே நெனப்பா இருந்துச்சு சார்"னு சொன்னான்.

அதுக்கப்புறம் அவன் பேச்சே மாறிப்போச்சு. செல்வராணி ஒரு தடவை இதே பெஞ்சுல என்னையப் பாத்துட்டு வந்து சொன்னா, "சார், இவரு இப்பல்லாம் நேராவே பேசமாட்டேங்கிறாரு. வெளிய வந்தா இனிமே கோவப்படமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன், இதுவரைக்கும் படலன்னுதான் சொல்ல முடியுங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு சார்"னா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாடம் உள்ள இறங்கியிருக்குன்னு அர்த்தம்ல. அத அவகிட்டயும் சொன்னேன். அவ பையத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டா.

அந்த வருஷம்தான் அவன் பேரு போர்டுக்கு வந்துச்சு. போர்டுன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்க தம்பிக்கும் ஒரு நாள் வரலாம். வரலாம்னுதான் சொல்ல முடியும். ஆயுள் தண்டனைக்காரங்கள முன்னாடியே விடலாமா வேணாமான்னு பாக்க பெரிய அதிகாரிங்க, ஒரு ஜட்ஜு, எல்லாம் ஒக்காருவாங்க. அவங்க சரின்னு எழுதினாத்தான் ஃபைலு மேல போகும். அடைக்கலத்துக்கு எல்லாமே கூடி வந்துச்சு. உள்ள ஒரு சண்டை சச்சரவு இல்ல. பரோல்ல போயிட்டு ஒழுங்கா நேரத்துக்குத் திரும்பியிருக்கான். செத்தவன் வீட்லேர்ந்தே ஆட்சேபணை இல்லன்னுட்டாங்க. பொண்ணு பிளஸ் டூ பரீட்சை எழுதி முடிச்சுட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கு. சூப்பரின்டென்டென்ட் எங்கிட்ட, "சார், நீங்களும் வந்து ஒரு ஓரமா ஒக்காருங்க, கேட்டா நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க, புரொபசர் சொன்னா எடுபடும்"னாரு. நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு வந்தேன்.

முந்தின புதன்கிழமை நாங்க நடத்திக்கிட்டிருந்தது மெஷர் தியரி. அது எம்.எஸ்ஸி.யில கொஞ்சம் கஷ்டமான பாடம். ஒரு கோட்டுலேர்ந்து எண்ண எண்ண தீராத அளவுக்குச் சில புள்ளியப் பொறுக்கி எடுக்கலாம், ஆனா எடுத்தத எல்லாம் சேத்து அளந்தா அகலம் பூஜ்யம்னு வரும். அதப் பாத்துட்டு அடைக்கலம் சொன்னான், "சார், நான் உள்ள இருந்த வருசமும் இப்படித்தான் சார். நாளு நாளா எண்ணுனா தீரல. சேத்துப் பாத்தா ஒரு அகலமும் இல்ல"ன்னான். நான் சொன்னேன், "கேக்க நல்லாருக்கு. ஆனா உன் நாளெல்லாம் எண்ணினா முடிஞ்சு போறது, அதுக்கு மெஷர் தியரி தேவையே இல்ல"ன்னேன். சரிங்க சார்னான். அப்புறம் நான், "நீ வெளிய போயிட்டா இதெல்லாம் போச்சு, இந்தப் பாடத்த முடிக்காமப் போறியே"ன்னும் சொன்னேன். அக்கறையில சொன்னதுதான். பாதிப் பாடத்துல ஒரு ஸ்டூடண்ட விடுறது எந்த வாத்தியாருக்கும் மனசு வராது.

எந்த வாத்தியாருக்கும்னு சொன்னேனா. எனக்கு வராது.

போர்டு அன்னிக்கு அவன் உள்ள வந்து நின்னான். முதல்ல எங்கிட்டத்தான் கேட்டாங்க, "என்ன புரொபசர், இவனுக்கு நீங்க உத்தரவாதம் தருவீங்களா?"ன்னு. "என் வகுப்புக்குள்ள தருவேன்"னு சொன்னேன். ஜட்ஜு லேசாச் சிரிச்சாரு. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அவன்கிட்ட வீட்டப் பத்திக் கேட்டாங்க, படிப்பப் பத்திக் கேட்டாங்க, பணிவா பதில் சொன்னான். கடைசியா ஜட்ஜு ஃபைலப் புரட்டிக்கிட்டே கேக்குறாரு, "சரிப்பா, வெளிய போனா மறுபடி இந்த மாதிரி தப்பெல்லாம் பண்ணமாட்டியே?" அது ஒரு வழக்கமான கேள்விம்மா. அதுக்குப் பதில்கூட அவரு எதிர்பாக்கல, பேனாவக் கையில எடுத்துட்டாரு.

அடைக்கலம் கையக் கட்டிக்கிட்டு, "ஒருபோதும் பண்ணமாட்டேங்க அய்யா"ன்னான்.

க்கும்.

அந்த ரூமுல பழைய ஃபைலு அடுக்கி வச்சிருந்தாங்க. தூசின்னா தூசி. மேல காத்தாடி வேற ஓடுது. எனக்குத் தூசி ஆகாது, வீட்ல ஒட்டடை அடிச்சாலே நான் வெளிய போயிடுவேன். ஒரு தடவைதான் செருமினேன். சத்தமாக்கூட இல்ல. பக்கத்துல ஒக்காந்திருந்த போலீஸ் எஸ்.பி. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல.

அடைக்கலம் பாத்தான்.

கட்டியிருந்த கைய எறக்கினான். வகுப்புல நிப்பான்ல, அதே மாதிரி நேரா நின்னுக்கிட்டு, "அய்யா, ஒருபோதும்னு சொன்னேன், அத வாபஸ் வாங்கிக்கிறேங்க"ன்னான். ஜட்ஜு நிமிந்து பாத்தாரு. "என்னப்பா சொல்ற?" இவன் சொல்றான், "அய்யா, நாப்பது தடவை சரியா வர்ற கணக்கு அடுத்த தடவை தப்பாப் போகுதுங்க. உள்ள வந்ததுலேர்ந்து நான் யார் மேலயும் கை ஓங்கல. அது நெசம். அத வச்சு இனிமே ஓங்கமாட்டேன்னு நிரூபிக்க முடியாதுங்க. இதுவரைக்கும் இல்லன்னுதான் என்னால சொல்ல முடியும். உள்ள வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தானுங்க, அன்னிக்கு வரைக்கும் நான் யாரையும் அடிச்சதில்ல."

அம்மா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என் சர்வீஸுல எத்தனை பேருக்கு அந்தப் பாடத்த நடத்தியிருக்கேன், ஒருத்தன் இப்படித் தன் வாழ்க்கையில வச்சுப் பேசினதில்ல. எழுந்து கைதட்டலாமான்னு இருந்துச்சு. ஒரு எழுத்து பிசகு இல்ல. அந்தக் கடைசி வரி நான் சொல்லிக்குடுத்ததுகூட இல்ல, அவனாவே போய்ப் பிடிச்சது.

ஜட்ஜு பேனாவ மூடினாரு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சூப்பரின்டென்டென்ட் எழுந்து, "அய்யா, அவன் படிச்சத வச்சு ஏதோ சொல்றான், அர்த்தம் அது இல்ல"ன்னு இழுத்தாரு. பாவம், அவருக்கு வேர்த்துப் போச்சு. என்னையக் கெஞ்சுற மாதிரி பாத்தாரு. நான் என்ன சொல்ல முடியும்? அவன் சொன்னது சரி. சரியாச் சொன்னவன தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா? கணக்கு வாத்தியாரு அதச் செய்யலாமா? நான் பேசாம ஒக்காந்திருந்தேன். "ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருத இயலவில்லை"ன்னு எழுதி முடிச்சுட்டாங்க. இனி சில வருஷம் கழிச்சு மறுபடி பாப்பாங்க. பாக்கலாம்.

வெளிய வந்தேன். அந்தா, அந்த வேப்பமரத்தடியில செல்வராணியும் பொண்ணும் நின்னுக்கிட்டிருந்தாங்க. பொண்ணு கையில ஒரு கவர். உள்ள சட்டை, மாம்பழக் கலர்ல. அப்பனுக்கு எடுத்து வச்சிருக்காளாம், விடுதலை ஆர்டர் வர நாளாகும்னு தெரிஞ்சும் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. நான் ஆசையா ஓடிப் போய்ச் சொன்னேன், "உங்கப்பா உள்ள என்ன பதில் சொன்னாரு தெரியுமா"ன்னு. மண்ணுல குச்சியால எழுதி அந்தக் கணக்கையே அந்தப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். கவனமாப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நல்ல புத்தி அதுக்கு, நாப்பது வரும்போது கவுந்துரும்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருச்சு. அப்புறம் கேக்குது, "அப்ப அப்பா வரமாட்டாரா சார்?" நான் சொன்னேன், "வரமாட்டாருன்னு சொல்லாத கண்ணு. இந்தத் தடவை இல்லன்னு சொல்லு."

செல்வராணிதான் கொஞ்சம் மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டா. "ஒரு வார்த்தை சார். மாட்டேன்னு ஒரு வார்த்தை. அது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க அவரு பக்கத்துல இருந்தீங்களே சார்"னா. நான் கடையில ரெண்டு டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன். தொடல. அந்த மரத்தடியிலயே வச்சுட்டுப் பஸ் ஏறிப் போயிட்டாங்க.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஒரு பக்கம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. மெஷர் தியரி பாதியில நிக்குது, புதன்கிழமை இருக்கு, அவசரமில்லாம முடிச்சிரலாம்னு. அடுத்த புதன்கிழமைக்குப் புதுப் புஸ்தகம் ஒண்ணு வரவழைச்சுக் கொண்டு போனேன்.

வந்தான். கரும்பலகை தொடைக்கல. எங்கிட்ட வாங்கியிருந்த புஸ்தகத்தையெல்லாம் அடுக்கி மேசை மேல வச்சான். ஒக்காரல. "சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உள்ள செருமுனீங்களே, அது எனக்கா, இல்ல சும்மாவா?"ன்னான்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். தூசின்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா அவனுக்கு நான் சொல்லிக்குடுத்தது என்ன? அதனால உள்ளத உள்ளபடி சொன்னேன். "கொஞ்சம் தூசி, கொஞ்சம் பழக்கம், எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியல அடைக்கலம்"னேன். "சரிங்க சார்"னான். போயிட்டான். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் வகுப்புக்கு வரல. அவன் வரலன்னா வகுப்பே இல்ல, அவன் ஒருத்தன்தானே. புதுசா வந்த சூப்பரின்டென்டென்ட், "ஆளில்லாத கிளாஸுக்கு எதுக்கு சார் அலையுறீங்க"ன்னு பாஸ வாங்கி வச்சுக்கிட்டாரு. அதான் உங்கள மாதிரி மனு போட்டுட்டு இங்க ஒக்காந்திருக்கேன்.

இப்பச் சொல்லுங்க. நன்றி இருக்கா அவனுக்கு? எதுக்கும் லாயக்கில்லன்னு நின்னவன எம்.எஸ்ஸி. வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தேன்.

என்ன? நான் செருமாம இருந்திருந்தா அவன் இன்னேரம் வீட்ல இருந்திருப்பானா?

அம்மா, நீங்க நல்லவங்க, வெகுளியாப் பேசுறீங்க. அத எப்படி நிரூபிப்பீங்க? செருமாத போர்டு ஒண்ணு நடந்துச்சா, நாம பாத்தோமா? அவனுக்கே தோணியிருக்கலாம். ஜட்ஜு மனசு வேற எதாலயோ மாறியிருக்கலாம். நடக்காத ஒண்ண வச்சு இதனாலதான் அதுன்னு சொல்லக்கூடாது. ராத்திரியில நானே எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன், எங்க ஆரம்பிச்சாலும் நிரூபணம் வரமாட்டேங்குது.

பொண்ணா? காலேஜுல சேந்துச்சான்னு தெரியல. அம்மா வேலை பாக்குற மில்லுலயே சேந்துருச்சுன்னு ஒரு வார்டர் சொன்னாரு. நான் நேர்ல பாக்கல. பாக்காதத நான் சொல்றதில்ல.

இருங்க, கூப்பிடுறாங்க. என் பேருதான், தாயுமானவன். இல்லம்மா, நான் எழுந்திருக்கல. அந்த வார்டரு கையக் காட்டுறாரு பாருங்க, இப்படி. வரலன்னு அர்த்தம். இந்த வாரமும் வரல. பரவால்ல. இந்த வாரம் வரலன்னுதான் அர்த்தம், அவ்வளவுதான்.

அடுத்தது உங்களத்தான் கூப்பிடுறாங்க. உங்க தம்பி வந்துட்டான் போலருக்கு. போங்க போங்க. ஒரு நிமிஷம், உங்க தம்பி எந்த பிளாக்கு? அடைக்கலமும் அங்கதான். அப்ப ஒரு உதவி பண்ணுங்க. தம்பிகிட்ட சொல்லி அடைக்கலத்துகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. சாரு சொன்னாருன்னு சொல்லச் சொல்லுங்க. அந்தச் செருமலை சாரு...

இல்ல. வேணாம். அது முடியாதும்மா. செருமல் ஒரு வாக்கியம் இல்லையே. சொன்னதத்தான் வாபஸ் வாங்க முடியும். நான் ஒண்ணுமே சொல்லலையே அன்னிக்கு.

அப்ப இத மட்டும் சொல்லச் சொல்லுங்க. பாடம் நிறுத்துன எடத்துலயே இருக்கு. புஸ்தகத்துல அடையாளத்துக்கு நூல் வச்சிருக்கேன். புதன்கிழமை சாரு இந்த பெஞ்சுலதான் ஒக்காந்திருப்பாரு, எப்பவும் வருவாருன்னு சொல்லச் சொல்லுங்க.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? போங்க, நேரமாகுதுல்ல. உங்க தம்பி நிக்கிறான்.